60 செ.மீ. தொட்டியில் எத்தனை மீன்? நான்கு வழிகளை வைத்து ஓர் அலசல்

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். மீன் வளர்க்க ஆசைப்படும் பலர் முதலில் வாங்குகிற தொட்டி இந்த அளவில்தான் இருக்கும். பெருக்கினால் 54 லிட்டர். அடியில் மணல், இரண்டு கல், மேலே இரண்டு விரல் இடைவெளி என்று கழித்துவிட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் 45 லிட்டருக்கு மேல் வராது. இதில் எத்தனை மீன் விடலாம் என்று நான்கு பேரைக் கேட்டால் நான்கு பதில் வரும். ஒருவர் 6 என்பார், இன்னொருவர் 25 என்பார். இரண்டு பேருமே நன்றாக மீன் வளர்ப்பவர்களாக இருப்பார்கள் என்பதுதான் புதிதாக வருபவரைக் குழப்புகிறது.

நான் பல வருடங்களாக இதே அளவுத் தொட்டியில் மீன் வளர்க்கிறேன். கீழே சொல்லும் வழிகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றைச் செய்தும் பார்த்திருக்கிறேன். என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன்: எத்தனை மீன் என்பதற்கு முன்னால் எத்தனை வகை என்று முடிவு செய்யுங்கள். 45 லிட்டருக்கு ஒரே வகை போதும்.

முதலில் கணக்குகள்

மூன்று கணக்குகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரு காலன் தண்ணீருக்கு ஓர் அங்குல மீன் என்பது முதலாவது. 45 லிட்டர் ஏறக்குறைய 12 அமெரிக்க காலன். ஆகவே 12 அங்குலம், அதாவது மொத்தம் 30 செ.மீ. மீன். லிட்டருக்கு 1 செ.மீ. என்பது இரண்டாவது, அதன்படி 45 செ.மீ. மூன்றாவது கணக்கு தண்ணீரின் மேல்பரப்பைப் பார்க்கிறது: 30 சதுர செ.மீ. பரப்புக்கு 1 செ.மீ. மீன். நம் தொட்டியின் மேல்பரப்பு 1800 சதுர செ.மீ. என்பதால் 60 செ.மீ. மீன் விடலாம். நியான் டெட்ரா என்ற சிறு மீன் வளர்ந்தபின் அதன் உடல், வால் துடுப்பை விட்டு அளந்தால், சுமார் 3 செ.மீ. ஆக ஒரே தொட்டிக்கு ஒரு கணக்கு 10 நியான் என்கிறது, அடுத்தது 15, மூன்றாவது 20.

இவற்றில் மேல்பரப்புக் கணக்கு எனக்குப் பிடிக்கும். அது கொடுக்கும் விடை தாராளமானது, அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அது பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கிறது. ஆக்சிஜன் தண்ணீருக்குள் போவது மேல்பரப்பு வழியாகத்தான். ஏர் பம்ப் விடும் குமிழிகள்கூடப் பெரும்பாலும் மேல்பரப்பைக் கலக்கிவிட்டுத்தான் உதவி செய்கின்றன. இதே 54 லிட்டரை 30 செ.மீ. நீள, அகல அடிப்பாகமும் 60 செ.மீ. உயரமும் உள்ள நிமிர்ந்த தொட்டியாக வாங்கினால் மேல்பரப்பு 900 சதுர செ.மீ.தான். லிட்டர் கணக்கு இரண்டு தொட்டிக்கும் ஒரே எண்ணைச் சொல்லும். மேல்பரப்புக் கணக்கு பாதியாகக் குறைத்துவிடும். மீன் பெரும்பாலும் குறுக்கே நீந்துகிற உயிர். அதனால் இந்த விஷயத்தில் மேல்பரப்புக் கணக்கு சொல்வதே சரி.

வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்குக் குறைந்துவிடும். அதே நேரத்தில் சூடு ஏற ஏற மீனுக்கு ஆக்சிஜன் அதிகமாகத் தேவைப்படும். குளிர்ந்த மாதத்தில் நிம்மதியாக ஓடிய தொட்டி வெயில் மாதத்தில் திணறுவது இதனால்தான்.

மூன்று கணக்குகளுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு. நீளத்தை எண்ணுகின்றன, பருமனை எண்ணுவதில்லை. மீனின் நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு ஆகும். 10 நியான் சேர்ந்தால் 30 செ.மீ. 15 செ.மீ. வளர்ந்த இரண்டு கோல்டு ஃபிஷ் சேர்ந்தாலும் 30 செ.மீ.தான். கணக்குப்படி இரண்டும் சமம். எடைப்படி பார்த்தால் இரண்டு கோல்டு ஃபிஷ் ஏறக்குறைய 25 மடங்கு அதிகம். கோல்டு ஃபிஷ் உருண்டையான மீன் என்பதால் உண்மையில் அதற்கும் மேலே போகும். தின்பதும் கழிப்பதும் எடைக்குத் தக்கபடிதானே. ஆகவே இந்தக் கணக்குகள் 5 செ.மீ.க்கு உட்பட்ட ஒல்லி மீன்களுக்கு மட்டும் பொருந்தும். அதிலும் கடையில் பார்க்கும் குட்டியின் அளவை வைத்துப் போடக்கூடாது, வளர்ந்த அளவை வைத்துப் போட வேண்டும்.

ஜோடி ஜோடியாகப் பலவகை

நான் தொடங்கியது இப்படித்தான். இரண்டு கோல்டு ஃபிஷ், இரண்டு ஏஞ்சல், இரண்டு கறுப்பு மோலி, நான்கு நியான், கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லிக் கொடுத்த சக்கர் இரண்டு. மொத்தம் 12. எல்லாமே அன்று விரல் அளவில் இருந்தன. நீளத்தைக் கூட்டினால் லிட்டர் கணக்குக்குள் அடங்கியது. புதுத் தொட்டியில் அன்றைக்கே அத்தனையையும் விட்டேன்.

நான்காம் நாள் தண்ணீர் பால் போல வெளுத்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்று வாரத்தில் ஏழு போய்விட்டன. அப்போது எனக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் நஞ்சு. நைட்ரேட் அளவோடு இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. இந்தப் பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை 12 மீனின் கழிவைத் தாங்க அந்தத் தொட்டியில் எதுவுமே இல்லை.

பழகிய தொட்டியாக இருந்திருந்தால் இந்தக் கூட்டணி பிழைத்திருக்குமா? அதுவும் இல்லை. கோல்டு ஃபிஷுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், ஏஞ்சலுக்கு 25 டிகிரிக்கு மேல் வேண்டும். மோலி கடின நீரில் செழிக்கும், நியான் மென்மையான நீரிலிருந்து வந்தது. சாதாரண சக்கர் 30 செ.மீ.யைத் தாண்டி வளரும். நம் தொட்டியின் அகலமே அவ்வளவுதான், திரும்பக்கூட முடியாது. பிழைத்த ஏஞ்சல் ஐந்து மாதத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வந்து, மீதியிருந்த நியான்களை ஒரே இரவில் விழுங்கிவிட்டது. அதன் மேல் குற்றம் சொல்ல முடியாது, வாய்க்குள் போகிற அளவில் இருப்பது அதற்கு இரை. அந்தக் காலையில் தொட்டியின் முன்னால் நின்றது இன்னும் மனதில் இருக்கிறது.

நான்கு வழிகளில் மிகவும் மோசமானது இதுதான். கடைத் தொட்டியைப் பார்த்ததும் மனம் முதலில் கேட்பதும் இதைத்தான், "எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு கொடுங்கள்" என்று.

கப்பிக் குடும்பம்

கப்பி சிறியது, துணிச்சலானது, நிறம் கண்ணைப் பறிக்கும். ஆண் 3 செ.மீ., பெண் 5 செ.மீ. அல்லது சற்று மேலே. ஆனால் ஆணும் பெண்ணும் சேர்ந்துவிட்டால் எண்ணிக்கையை முடிவு செய்வது நீங்கள் இல்லை. ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒரு முறை ஒரு பெண் 20, 30 குஞ்சுகளை ஈனும். ஒரு முறை இணைந்த பெண் விந்தைச் சேமித்து வைத்துப் பல மாதங்களுக்கு, ஆணே இல்லாமல், குஞ்சு போட்டுக்கொண்டிருக்கும். பெரியவை குஞ்சுகளைத் தின்றாலும், செடி அடர்ந்த தொட்டியில் நிறையத் தப்பிவிடும். 6 கப்பியில் தொடங்கி அரை வருடத்தில் 50-க்கு மேல் எண்ணினேன். கொடுக்கத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்தாகிவிட்டது.

ஆண்களை மட்டும் வாங்கினால் இது நல்ல வழி. ஆணின் அடித்துடுப்பு குச்சி போலக் கூராக இருக்கும், பெண்ணுடையது விசிறி போல விரியும். வாலின் நிறத்தை நம்பாமல் இதைப் பார்த்து எடுங்கள். 45 லிட்டருக்கு 8 முதல் 10 ஆண் கப்பிகள் தாராளமாக வாழும்.

நெருக்கமாக விட்டு, பெரிய ஃபில்டர் போடுவது

நான் செய்து பார்க்காத வழி இது. நண்பர் ஒருவர் வெற்றிகரமாகச் செய்கிறார். 45 லிட்டரில் 25 சிறு மீன், இரண்டு மடங்கு ஃபில்டர். பார்க்க அற்புதமாக இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். இந்த வழிக்கு ஒரு வலுவான வாதமும் உண்டு: ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வந்த சிக்லிட் என்ற மீனை வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே நெருக்கமாக விடுவார்கள். சண்டைக்கார மீன், கூட்டம் அதிகமானால் ஒரே மீனைக் குறிவைத்துத் துரத்த முடியாது. ஆனால் அது 200 லிட்டரும் அதற்கு மேலும் உள்ள தொட்டிகளில் செய்யும் வேலை.

ஃபில்டர் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவதோடு சரி. நைட்ரேட் தண்ணீரிலேயே தங்கிவிடும். செடிகள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மற்றபடி தண்ணீரை மாற்றினால்தான் வெளியேறும். இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. எனக்கு நீளக் கணக்குகள் எல்லாவற்றையும்விட இது பயன்பட்டது. வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீர் மாற்றுகிறீர்கள், ஒரு வாரத்தில் நைட்ரேட் 5 பிபிஎம் (லிட்டருக்கு 5 மில்லிகிராம்) ஏறுகிறது என்று வையுங்கள். சில மாதங்களில் அது மாற்றுவதற்கு முன் 20, மாற்றிய பின் 15 என்று நிலைத்துவிடும், அதற்கு மேல் போகாது. மீனையும் தீனியையும் இரட்டிப்பாக்கினால் வாரம் 10 ஏறும். 40-ல் போய் நிற்கும். 20-க்குள் வைத்திருப்பது நல்லது, 40 எனக்குப் பயம் தரும் எண். மீண்டும் 20-க்குக் கொண்டுவர வாரம் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். அதாவது மீன் இரட்டித்தால் வாளியும் இரட்டிக்கும். எவ்வளவு பெரிய ஃபில்டர் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

அப்புறம் மின்சாரம். 10 மீன் உள்ள தொட்டி சில மணி நேரம் ஃபில்டர் ஓடாமல் தாங்கும். 25 மீன், 30 டிகிரி வெப்பம் என்றால் தாங்கும் நேரம் மிகக் குறைவு. ஓட்டம் நின்ற ஃபில்டருக்குள் பாக்டீரியாக்களும் ஆக்சிஜன் இல்லாமல் சாகத் தொடங்கும். நண்பர் வீட்டில் ஒரு முறை மின்சாரம் போய், இரவெல்லாம் அவர் ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றியதை நான் பார்த்தேன். மீன் எதுவும் சாகவில்லை, அவருடைய அக்கறை அப்படிப்பட்டது. எல்லோராலும் அப்படி இருக்க முடியாது. வெளியூர் போகாதவர், வாரம் தவறாமல் பாதித் தண்ணீர் மாற்றுபவர், சோதனை செய்து எண்களைக் குறித்து வைப்பவர் இதைச் செய்யலாம்.

ஒரே கூட்டம்

எனக்குச் சரியாக அமைந்தது இது. கூட்டமாக வாழும் சிறு மீனில் ஒரே வகை, 10. நியான், எம்பர் டெட்ரா, ஹார்லெக்வின் ரஸ்போரா, எதுவாகவும் இருக்கலாம். 6-க்குக் கீழே போனால் இவை பயந்து மூலையில் ஒதுங்கும், நிறம் மங்கும். நான்கு நியான் வைத்திருந்தபோது அவை செடிக்குப் பின்னால்தான் நாளைக் கழித்தன. பத்தாக விட்டபோது நடுவில் வந்து நீந்தின. மீனைக் கூட்டியதால் தொட்டி அமைதியானது இந்த ஒரு வழியில்தான். "குறைவாக விட்டால் நல்லது" என்ற பொது அறிவுரை இங்கே பாதிதான் உண்மை: வகையைக் குறையுங்கள், ஒரு வகைக்குள் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள்.

வகையைப் பொறுத்தும் எண் மாறும். ஜீப்ரா டேனியோ நியானைவிடச் சற்றுத்தான் பெரியது, ஆனால் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். 60 செ.மீ. நீளம் அதற்குக் குறைந்தபட்சம். அதை 8-ல் நிறுத்துவேன். ரஸ்போரா சற்று உறுதியானது, முதல் தொட்டிக்கு ஏற்றது. நியானை, தொட்டி ஓடத் தொடங்கி மூன்று மாதமாவது ஆன பிறகு விடுங்கள். புதுத் தண்ணீரில் அது எளிதில் நோகும்.

தொட்டி இதைவிடச் சிறியது, 20 லிட்டர்தான் என்றால், கூட்டத்தை மறந்துவிட்டு ஒரே ஒரு பெட்டா (ஃபைட்டர் மீன்) வைத்துக்கொள்ளலாம். அது மேலே வந்து நேரடியாகக் காற்றையும் சுவாசிக்கும், தனியாகவே நிறைவாக வாழும். கண்ணாடிக் கிண்ணத்தில் எத்தனை என்று கேட்டால் என் பதில் பூஜ்யம்.

சரி, 10 மீன் விட்டு மூன்று மாதம் ஆயிற்று, சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 20-க்குள் நிற்கிறது என்றால், தரையில் உலாவும் குட்டை வகைக் கோரிடோராஸ் 6 சேர்க்கலாம். 3 செ.மீ.யைத் தாண்டாதவை, மேலே நீந்துபவற்றோடு இடத்துக்குப் போட்டி போடாதவை. அதோடு நிறுத்த வேண்டும். வாரம் தவறாமல் தண்ணீர் மாற்ற முடியாதவர் அந்த ஆறையும் விட்டுவிட்டு, கூட்டத்தையும் 8-ஆக வைத்துக்கொள்ளட்டும்.

எப்படியானாலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். மீனே இல்லாமல் தொட்டியை ஓட்டி, தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு பாக்டீரியாவை வளர்த்துக்கொள்ளுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, மீண்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகு முதலில் 5 அல்லது 6 மீன். இரண்டு வாரம் பொறுத்து மீதி. ஒவ்வொரு முறையும் பாக்டீரியாக்களுக்குப் பெருக நேரம் கிடைக்கும்.

என் தொட்டியில் இப்போது 10 ரஸ்போராவும் 6 குட்டை கோரிகளும் இருக்கின்றன. நேற்று நைட்ரேட் 15 காட்டியது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளித் தண்ணீர் மாற்ற வேண்டும்.