லூபின் வளர்ப்பு: குறை செடியின்மீது அன்று

வட இங்கிலாந்தில் உள்ள எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பல ஆண்டுகளாக லூபின் என்னும், நீண்ட கதிர்களாகப் பூக்கும் பூச்செடியை வளர்த்து வருகிறேன். செடியின்மீது எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. குறையெல்லாம் அதன்மேல் குடியேறிச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியின்மீதுதான். வளர்ப்பு முறை பெரும்பாலோருக்குத் தெரிந்ததே: கெட்டியான விதையுறை இளகுமாறு ஓரிரவு நீரில் ஊறவைக்க வேண்டும், சுண்ணாம்பு மிகுந்த மண்ணைத் தவிர்க்க வேண்டும், ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடியாதலால் சிறு நாற்றாக இருக்கும்போதே நிலையான இடத்தில் நட்டுவிட வேண்டும். இளங்குருத்தை நத்தைகளிடமிருந்து காப்பாற்றிவிட்டால், அதற்குப் பிறகு அது உரம்கூடப் பெரிதாகக் கேட்பதில்லை. வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்த்துக் கொடுத்துவிடுகின்றன.

இத்தனை எளிய செடிக்கு வாய்த்த எதிரியோ லேசுப்பட்டது அன்று. ரோஜாவில் வரும் பச்சை அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சியே ஓரளவு விரட்டிவிடலாம். லூபின் அசுவினி அதைவிடப் பருத்தது; உடலெங்கும் வெண்சாம்பல் நிற மெழுகுப் பொடி பூசியது. பூங்கதிருக்குச் சற்றுக் கீழே, தண்டின் பச்சை நிறமே தெரியாதபடி நெருக்கியடித்து உட்கார்ந்துவிடும். கீழிலைகளில் அதன் கழிவு பிசுபிசுவென்று பளபளக்கும். நேற்று நிமிர்ந்து நின்ற கதிர் இன்று தலை தொங்கும். சோப்புக் கரைசலைத் தெளித்தால் பாதி அந்த மெழுகின்மேல் உருண்டு கீழே ஓடிவிடுகிறது. செடியிலுள்ள ஆல்கலாய்டு என்னும் கசப்பான நச்சுப் பொருள்களை உறிஞ்சித் தன் உடலிலேயே சேர்த்துவைத்துக்கொள்ளும் பூச்சி இது. மற்ற அசுவினிகளைத் தேடித் தின்னும் பொறிவண்டுகள்கூட என் தோட்டத்தில் இதை அவ்வளவாகச் சீண்டுவதில்லை.

லூபின் வளர்க்க எளிது என்று பழைய தோட்டக்கலை நூல்கள் சொல்வதில் பொய்யில்லை. அவை எழுதப்பட்ட காலம் வேறு. தாவரங்களைத் தேடிச் சேகரித்த டேவிட் டக்ளஸ் 1820களில் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்து இச்செடியைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தபோதும், யார்க் நகரத் தோட்டக்காரர் ஜார்ஜ் ரஸ்ஸல் பல ஆண்டுகள் பொறுக்கியெடுத்து வளர்த்த இருநிறக் கதிர்களை 1937இல் அரச தோட்டக்கலைக் கழகத்தின் கண்காட்சியில் வைத்துப் பார்த்தவர்களை மலைக்கவைத்தபோதும், இந்த அசுவினி இங்கே இல்லை. செடியின் தாய்நிலமான அதே வட அமெரிக்காவைச் சேர்ந்த இப்பூச்சி, 1981இல்தான் பிரிட்டனில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மனத்துக்குப் பிடிக்காத செடிகளைத் தயங்காமல் பிடுங்கியெறிந்தவர் ரஸ்ஸல். இன்று இருந்திருந்தால் எதைத்தான் மிச்சம் வைத்திருப்பாரோ!

இவ்வளவு திட்டிய பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பூவைக் காட்டிலும் எனக்குப் பிடித்தது இலை. மழை விட்டதும் சென்று பார்த்தால், விரித்த விரல்களைப் போன்ற சிற்றிலைகள் கூடும் நடுப்புள்ளியில், ஒவ்வோர் இலையிலும் ஒரே ஒரு நீர்மணி, இலையில் ஒட்டாமல் உருண்டு திரண்டு நிற்கும். அதன் வழியே இலையின் நரம்புகள் பெரிதாகத் தெரியும். பூ மாதக்கணக்கில் இராது. இந்தக் காட்சி ஏப்ரல் தொடங்கி மழை பெய்யும் நாளெல்லாம் கிடைக்கிறது.

தாமும் நடலாமா என்று ஒரு நண்பர் கேட்கிறார். நடுவதானால், ஏப்ரல் இறுதியிலிருந்தே நாள்தோறும் தண்டுகளைப் புரட்டிப் பார்த்து, முதலில் வரும் பூச்சிகளை விரலாலேயே நசுக்க வேண்டும். பூத்திருக்கும்போது மருந்து அடிக்கக் கூடாது. பம்பிள் தேனீக்கள் அந்தப் பூக்களை நம்பி வருகின்றன. மொய்த்துவிட்ட தண்டை அடியோடு வெட்டிக் குப்பையில் போட வேண்டும். இன்று காலை நான் வெட்டிப் போட்டவை எல்லாம் பூக்கவிருந்த கதிர்கள் என்பதால், என் தீர்ப்பு ஒன்றுதான்: நடவேண்டாம். வசந்தத்தில் அடிக்குருத்திலிருந்து அறுத்துவைத்த துண்டுகள் தொட்டிகளில் வேர்பிடித்து நிற்கின்றன. அவற்றை யாருக்கும் கொடுப்பதாகவும் இல்லை, அவை என் பாத்திக்கு வேண்டும்.