கண்ணாடிப் பேழையா, திறந்த மேடையா?

அருங்காட்சியகத்தில் ஒரு பொருளை எதில் வைத்துக் காட்டுவது? கற்சிலை, பெரிய இயந்திரம் என்றால் நான் திறந்த மேடையின் பக்கம்தான். சுற்றி வந்து பார்க்கலாம், உளி பட்ட தடம்கூடத் தெரியும். தொல்லை கைதான். தொடாதீர்கள் என்று எழுதி வைத்தாலும் யாராவது தொடுவார்கள். விரலின் எண்ணெய்ப்பசை நாளடைவில் கல்லையே கறுக்க வைக்கும். அப்புறம் தூசி துடைக்கிற வேலை வேறு.

துணி, ஓலைச்சுவடி, பழைய காகிதம் என்றால் பேச்சே இல்லை, பேழைதான். உள்ளே சிலிக்கா ஜெல் என்ற ஈரம் உறிஞ்சும் மணிகளை வைத்து ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்கலாம். வெளிச்சம் மட்டும் 50 லக்ஸை (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை மங்கிய சாயம் திரும்பி வராது. சரி, பேழைக்குள் போனால் எல்லாம் பத்திரமா? அதுவும் இல்லை. அடித்தளத்துக்கு ஓக் பலகை போட்டால், அதிலிருந்து கசியும் அமில ஆவி ஈயப் பொருளை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும்.

கண்ணாடியில் இன்னொரு வம்பு, பிரதிபலிப்பு. எதிரே விளக்கு இருந்தால் சுவடிக்குப் பதில் நம் முகம்தான் தெரியும். காட்சியை மக்களுக்குத் திறப்பதற்கு முன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். நின்று பார்த்தபோது சரியாக இருந்த பேழை, அங்கிருந்து வெறும் பளபளப்பாக இருக்கலாம்.