கடலோரப் பப்பில் ஒரு மதியம்: போர்த்தின்லைனா, லோ நியூட்டனா?

பிரிட்டனில் கடலைப் பார்த்த பப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் காட்சி, சாப்பாடு, ஏல் என்ற பியர் வகை ஆகிய மூன்றும் ஒரே மேசையில் கூடிவருவது அரிது. வாசலிலேயே கடல் இருக்கும்போது எதைப் பரிமாறினாலும் கூட்டம் வரும் என்ற தெம்பில் சமையலறை சோம்பிவிடுவதுண்டு. மணற்கரையை ஒட்டியே அமைந்த இரண்டு பப்புகளை, அதாவது வேல்ஸின் லின் தீபகற்பத்தில் போர்த்தின்லைன் கிராமத்திலுள்ள டீ கோக்கையும், வடகிழக்கு இங்கிலாந்தில் நார்தம்பர்லாந்தின் லோ நியூட்டன் கிராமத்திலுள்ள ஷிப் இன்னையும், இந்த மூன்றையும் அளவுகோலாக வைத்தே எடைபோடலாம்.

காட்சியில் டீ கோக்தான் முந்துகிறது. 1823இல் பாதிரியார் இல்லமாகக் கட்டப்பட்டு 1842இல் விடுதியாக மாறிய இந்தச் செங்கல் வீட்டின் பெயருக்கு வேல்ஸ் மொழியில் ‘சிவப்பு வீடு’ என்பது பொருள். வெளிச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் காலடியில் மணலும், எதிரே வளைகுடாவும், அதற்கும் அப்பால் கடலிலிருந்தே எழுவதுபோல் இர் ஐவல் மலைமுகடுகளும் தெரியும். மேற்குக் காற்றை நிலமுனை தடுத்துவிடுவதால் தண்ணீர் பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். வெளியாரின் கார்களுக்கு ஊருக்குள் அனுமதி இல்லை. பக்கத்து ஊரான மோர்ஃபா நெவினில் வண்டியை நிறுத்திவிட்டுச் சுமார் இருபது நிமிடம் மணலில் நடக்கவேண்டும், அலை ஏறியிருந்தால் கோல்ஃப் மைதானத்தின் வழியே சுற்றிவரவேண்டும். மூட்டுவலிக்காரர்களுக்கு இது சிரமம்தான்.

ஷிப் இன்னின் அழகு வேறு வகை. மீனவர்களின் வெள்ளை வீடுகள் புல்வெளி ஒன்றை மூன்று பக்கமும் சூழ்ந்திருக்க, நான்காம் பக்கம் கடலுக்குத் திறந்திருக்கிறது. கரையில் இறங்கித் தெற்கே பார்த்தால்தான் டன்ஸ்டன்பரோ கோட்டையின் இடிபாடு கண்ணில் படும். 1313இல் அதைக் கட்டத் தொடங்கிய லங்காஸ்டர் பிரபு தாமஸ், அரசனை எதிர்த்து 1322இல் தலையை இழந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே முழுக்காட்சியும் வேண்டும் என்பவருக்கு இது ஒரு குறையே.

ஆனால் ஏலுக்கு வந்தால் தராசு சட்டென்று மறுபக்கம் சாய்கிறது. பீப்பாய் ஏல் என்பது பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடிருந்து இரண்டாம் முறை நொதிக்கும் பானம். நிலவறையின் 11 முதல் 13 டிகிரிக் குளிர்ச்சியில், கையால் இழுக்கும் பம்பு வழியாகக் கோப்பைக்கு வரும். பல் கூசும் பியருக்குப் பழகிய நம்மவர் முதல் மடக்கில் முகம் சுளிக்கக்கூடும். அந்த மிதமான குளிர்ச்சியில்தான் மால்ட் என்ற முளைகட்டிய தானியத்தின் இனிப்பும் ஹாப்ஸ் என்ற பூக்களின் கசப்பும் நாக்கில் பிரிந்து தெரிகின்றன என்பதை இரண்டாம் மடக்கில் உணர்வார். பீப்பாயைத் திறந்தால் சுமார் மூன்று நாட்களுக்குள் விற்றுத் தீர்க்கவேண்டும், இல்லையேல் புளித்துவிடும். ஆகவே வடிக்கும் இடம் அருகில் இருப்பது பெரிய பலம், ஷிப் இன்னோ தன் ஏலைப் பக்கத்திலேயே தானே வடிக்கிறது. டீ கோக்கில் வெயிலுக்கு இதமாக ஒரு கோப்பை குடிக்கலாம். ஏலுக்காக மட்டும் அவ்வளவு தூரம் போகச் சொல்லமாட்டேன்.

சாப்பாட்டிலும் லோ நியூட்டனுக்கே என் வாக்கு. நண்டு இறைச்சி வைத்த ரொட்டியும், கோட்டைக்கு அப்பாலுள்ள கிரேஸ்டர் ஊரில் ஓக் மரத்தூள் புகையில் வாட்டப்படும் கிப்பர் என்ற ஹெர்ரிங் மீனும் அந்தக் கரைக்கே உரியவை. புகைக் கருவாட்டின் மணம் பிடித்தவர்கள் அதைத் தவறவிடக்கூடாது. டீ கோக்கில் கிடைப்பது மதிய நேரத்து எளிய உணவு, பசியடங்கும், அவ்வளவே.

குழந்தைகளோடு ஒரு நாளைக் கரையிலேயே கழிக்க நினைப்பவர்கள் போர்த்தின்லைனுக்குப் போகலாம். உண்பதும் குடிப்பதும் முதன்மை என்றால் லோ நியூட்டன்தான், ஆனால் இடம் சிறியது என்பதால் கோடை வார இறுதிகளில் பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுவது நல்லது. இரண்டு இடங்களிலும் பரிமாறும் நேரம் பருவத்துக்கேற்ப மாறும், ஆகவே கிளம்புமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.