முறுக்கு ஜொய்ஸ்டிக்கோடு சீனக்குடாவில் விமானம் பழகுதல்: நெடுநாள் பாவனைக்குப் பின்

விலை இறங்கிவிட்டது, இப்போது வாங்கலாமா என்று கிண்ணியாவிலிருந்து நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கேட்பது, கணினியில் விமானம் ஓட்டிப் பழக உதவும், பிடியை முறுக்கினால் விமானத்தின் வாலிலுள்ள சுக்கான் திரும்பும் வகை ஜொய்ஸ்டிக்கைப் பற்றி. எத்தனை பொத்தான், எவ்வளவு நீள வயர் என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது, அதை நான் வேறு சொல்லத் தேவையில்லை. என்னுடையது திருத்தப்போய் வீடு திரும்பிய கையோடு எழுதுகிறேன் என்பதை மட்டும் முதலில் சொல்லி வைக்கிறேன். கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

நான் பாவிப்பது ஃப்ளைட்கியர். காசு கேட்காத, மூலநிரல் திறந்து கிடக்கும் சிமுலேட்டர், அதாவது திரையில் விமானம் ஓட்ட விடும் மென்பொருள். என் பழைய மடிக்கணினி மறுக்காமல் ஓட்டுவதும் அதைத்தான். அதோடு வரும் செஸ்னா 172P தவிர வேறு விமானத்தை நான் தொடுவதில்லை. கிளம்புமிடமும் மாறாது, திருகோணமலைச் சீனக்குடா விமானநிலையம்தான். விமானப்படை மாணவர்கள் செஸ்னா 150இல் பறக்கப் பழகும் ஊரில் இருந்துகொண்டு, பெயர் தெரியாத அமெரிக்க நகரத்தில் போய் எதற்குப் பழக வேண்டும்?

ஆகாயத்தில் இந்தச் சாமானைக் குறை சொல்ல முடியாது. தள்ளினால் மூக்கு தாழ்கிறது, சாய்த்தால் சிறகு சாய்கிறது, கையை எடுத்தால் நடுவுக்கு வந்து நிற்கிறது. வழக்கு முழுவதும் சில்லுகள் தரையில் இருக்கும் நேரத்தைப் பற்றியதுதான்.

புதிதாகப் பழகுகிறவர்கள் தரையிறக்கத்துக்குப் பயப்படுவார்கள். டாக்சி செய்வதை, அதாவது நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதை வரைக்கும் விமானத்தை உருட்டிக்கொண்டு போவதை, ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. செஸ்னா தரையில் ஓடும்போது ஜொய்ஸ்டிக்கை எவ்வளவு சாய்த்தாலும் அது திரும்பாது. சாய்ப்பது சிறகோரத் தட்டுகளை மட்டுமே அசைக்கும். மூக்குச் சில்லைத் திருப்புவது சுக்கானை இயக்கும் கால் பெடல், அதுவும் ஸ்பிரிங் வழியாக. என்னிடம் அந்தப் பெடலின் வேலையைச் செய்வது பிடியின் முறுக்கு. பெடலை முழுக்க மிதித்தாலும் ஏறக்குறைய 10 பாகைதான். அதற்கு மேலும் வளைய வேண்டுமானால், எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அந்தப் பக்கச் சில்லுக்கு மட்டும் பிரேக் பிடிக்க வேண்டும். அப்போது மூக்குச் சில்லு இழுபட்டு 30 பாகை வரை போகும். உண்மையான விமானியிடம் இதற்கென்று இரண்டு கால்கள் இருக்கின்றன. என்னிடம் இருப்பது ஒரு மணிக்கட்டு.

ஜொய்ஸ்டிக்கில் உள்ள பிரேக் பொத்தான் இரண்டு சில்லுகளையும் சேர்த்தே பிடிக்கிறது. ஒரு பக்கத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் விசைப்பலகைக்குப் போக வேண்டும்: காற்புள்ளி இடது பிரேக், முற்றுப்புள்ளி வலது பிரேக். ஓடுபாதையின் நுனியில் விமானத்தைச் சுற்றித் திருப்பும் காட்சியை நினைத்துப் பாருங்கள். வலக்கை ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டி முறுக்கிப் பிடித்திருக்கிறது, இடக்கை முற்றுப்புள்ளியைத் தேடுகிறது, இயந்திர விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டிலைக் கவனிக்க ஆளில்லை. விமானம் அந்த இடைவெளியில் புல்லுக்குள் இறங்கிவிடும்.

வேகம் இன்னொரு தொல்லை. டாக்சிக்கு இயந்திரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,000 சுற்றில் இருந்தால் போதும். வேகமாக நடக்கும் மனிதனின் வேகம். ஆனால் திரையைப் பார்த்து அதை ஊகிக்க முடியாது. ஓரக்கண்ணில் ஓடும் புல்லும் இல்லை, கதிரையில் ஏறும் அதிர்வும் இல்லை. வேகமானியைப் பார்க்கலாம் என்றால் செஸ்னாவில் அதன் எண்களே 40 நொட்டில், அதாவது மணிக்கு 40 கடல்மைலில்தான் ஆரம்பிக்கின்றன. அதற்குக் கீழே முள் தூங்கிக்கொண்டிருக்கும். தெருவில் மெதுவாகப் போகிறோம் என்று நினைக்கையில் விமானம் ஏ-6 வீதியில் போகும் தனியார் பஸ்ஸாகிவிட்டிருக்கும்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டிருந்தேன். பிறகு விமானம் தானாகவே இடப்பக்கம் போகத் தொடங்கியது. இதில் எரிச்சல் என்னவென்றால், இடப்பக்கம் இழுக்கச் செஸ்னாவுக்கு நியாயமான காரணங்கள் நிறைய உண்டு. விசிறி, விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது தள்ளும் காற்று உடலைச் சுற்றி வந்து வாலின் இடப்பக்கத்தில் மோதி மூக்கை இடப்பக்கம் தள்ளுகிறது. பக்கக் காற்று அடித்தாலும் வால் காற்றாடி போலத் திரும்பி மூக்கைக் காற்றின் பக்கம் கொண்டுபோகும். எனவே குற்றவாளி இயந்திரமா, காற்றா, கையிலிருக்கும் சாமானா என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. காற்றைச் சுழியமாக்கினேன். இயந்திரத்தை ஆகக் குறைந்த சுற்றில் விட்டேன். கையை எடுத்துவிட்டு அச்சுகளைக் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். ஒருவரும் தொடாத ஜொய்ஸ்டிக்கின் முறுக்குக் கோடு திரையில் துடித்துக்கொண்டிருந்தது.

விற்ற கடையில் உத்தரவாதம் முடிந்துவிட்டது என்றார்கள். நகரில் வானொலி, தொலைக்காட்சி திருத்தும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பிடியை இரண்டாகப் பிளந்து, உள்ளேயிருந்து, முறுக்கிய அளவைக் கணினிக்குச் சொல்லும் பெருவிரல் நகமளவு பொட்டென்ஷியோமீட்டர் (சுருக்கமாகப் பொட்) ஒன்றை மூன்று வயர்களோடு எடுத்து விளக்கின் கீழ் வைத்தார். கரிப்பாதை நெடுகிலும் கறுப்பாக இருக்க, நடுவில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு கீறல். "தம்பி, ஓரங்கள் புதிதாகவே இருக்கின்றன. நடுப்பகுதிதான் தேய்ந்திருக்கிறது. உப்புக் காற்றும் தன் பங்கைச் செய்திருக்கிறது" என்றார். யோசித்தால் சரிதான். முறுக்காமல் விட்டிருக்கும் நேரம் முழுவதும் அதன் முள் உராய்வது நடுவில்தான். நேராகப் போகும்போதே தேய்ந்து, நேராகப் போக முடியாமல் ஆகிவிடும் ஒரு பொருளை வடிவமைத்தவரை என்ன சொல்வது? காந்தப் புலத்தை உணரும் ஹோல் உணரி வைத்த ஜொய்ஸ்டிக்குகளில் ஒன்றோடொன்று உரசும் பாகம் இல்லாததால் இந்தத் தேய்மானம் இல்லை. அவை விலை கூடியவை. பெரியவர் அதே பெறுமானமுள்ள புதிய பொட் ஒன்றைப் பொருத்தித் தந்தார். கூலி கேட்கவே கூச்சப்பட்டார்.

மேலெழுதலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முழு த்ரொட்டில் கொடுக்கும்போதே வலப்பக்கம் முறுக்க வேண்டும், ஓடுபாதையின் நடுக்கோடு மூக்குக்குக் கீழே இருக்கிற வரைக்கும். 55 நொட்டில் மூக்கை மெல்லத் தூக்கினால் விமானம் தானே எழும். 70க்கும் 80க்கும் இடையில் வைத்துக்கொண்டு ஏறலாம். சில்லு தரையை விட்ட அந்தக் கணமே என் கோபமும் இறங்கிவிடும்.

தரையிறக்கத்துக்கு வருவோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்மேற்கிலிருந்து காற்று வரும். அப்போது காற்றுக்கு எதிரே இறங்க 24ஆம் ஓடுபாதை, அதாவது 240 பாகை பார்த்த பக்கம். வாடை மாதங்களில் எதிர்முனையான 06. நான் காற்றைக் கையால் அமைத்துக்கொள்வதால் ஆண்டு முழுவதும் எனக்குக் கச்சான்தான். 24இல் இறங்க வரும் வழி ஏறக்குறைய கோணேசர் மலையிலிருந்து தொடங்குகிறது. அங்கிருந்து ஓடுபாதை வாசல் நாலு கடல்மைல் அளவு. 3 பாகைச் சரிவில் மைலுக்கு 300 அடிக்குச் சற்றுக் கூடுதலாக இறங்க வேண்டும், ஆகவே மலையடியில் 1,200 அடிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் கணக்குச் சரி. கோயிலைச் சிமுலேட்டரில் தேடாதீர்கள், என் திரையில் அங்கே வெறும் பச்சை மேடுதான் தெரிகிறது. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் தாக்கிய துறைமுகம், பிரிட்டிஷ்காரர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் என்று வரலாறு கொட்டிக் கிடக்கும் இடம் அது. காசில்லாமல் கிடைத்த பொருளிடம் அதையெல்லாம் கேட்பது நியாயமில்லை.

பிறகு நகரம், அதன் பின் உள்துறைமுகத்து நீர். சிறகின் பின்னோரத்தில் கீழிறங்கும் தட்டுகளான ஃப்ளாப்பை முழுவதும் இறக்கி 65 நொட். எதிர்காற்று 20 நொட் என்றால் தரையைப் பொறுத்தவரை விமானம் 45இல்தான் நகர்கிறது. ஓடுபாதை வரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இங்கே மூக்கைத் தூக்கி எட்டிப் பிடிக்கப் பார்த்தால் வேகம்தான் போகும். த்ரொட்டிலைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். தரையிலிருந்து ஒரு சிறகு அகலத்துக்குள், அதாவது 36 அடிக்குள் வந்ததும் விமானம் காற்றில் மிதக்கத் தொடங்கும். கண்ணை ஓடுபாதையின் மறுகோடிக்கு மாற்றி, பிடியை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கச்சான் சற்றுத் தெற்கே திரும்பி இடப்பக்கத்திலிருந்து அடிக்கும் நாளில்தான் இந்த ஜொய்ஸ்டிக்கின் அருமை தெரிகிறது. இடப்பக்கம் சாய்த்து விமானம் ஒதுங்காமல் பிடித்துக்கொண்டு, அதே கையால் வலப்பக்கம் முறுக்கி மூக்கை நடுக்கோட்டுக்கு நேராக்க வேண்டும். எழுதிப் படித்தால் சிக்கலாக இருக்கிறது. கைக்கு அது சிக்கலே இல்லை. சாய்வும் முறுக்கும் ஒரே அசைவாகிவிடுகின்றன. இடச் சில்லு முதலில் தொடும், பிறகு வலச் சில்லு, மூக்கு இன்னும் மேலே இருக்கும். பெடல் வைத்திருக்கும் நண்பர் வீட்டிலும் முயன்று பார்த்துவிட்டேன், இந்த ஓர் இடத்தில் காலை விட மணிக்கட்டே சுகம் என்று அடித்துச் சொல்வேன்.

சொல்லி முடிப்பதற்குள் மூக்குச் சில்லு தரையைத் தொடும். முறுக்கிய கை நடுவுக்கு வராமல் இருந்தால் சில்லு திரும்பிய நிலையிலேயே இறங்கி, விமானம் வலப்பக்கப் புல்லை நோக்கிப் பாயும். அங்கிருந்து மறுபடியும் டாக்சி, காற்புள்ளி, முற்றுப்புள்ளி, சாபம். பிடியைப் பக்கவாட்டில் சாய்ப்பதோடு சுக்கானையும் இணைத்துவிடும் வசதி ஃப்ளைட்கியரில் உண்டு, அதைப் போட்டால் தரையில் சாய்த்தே திருப்பலாம். ஆனால் நான் மேலே புகழ்ந்த அந்தத் தரையிறக்கம் அதோடு போய்விடும். ஆகவே போடுவதில்லை.

கிண்ணியா நண்பருக்கு: வாங்காதீர்கள். விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் வேண்டாம். கொஞ்சம் காசு சேர்த்து, பெடலும் ஹோல் உணரி வைத்த ஜொய்ஸ்டிக்கும் வாங்குங்கள். அதுவரை பழகிப் பார்க்க வேண்டுமென்றால் என்னுடையதைக் கொண்டுபோகலாம், புதிய பொட் போட்டு இப்போது ஒழுங்காகத்தான் இருக்கிறது. இரவில் துணியால் மூடி வையுங்கள், கடற்கரைப் பக்கம் யன்னலைத் திறந்து வைக்காதீர்கள். கச்சான் தொடங்குமுன் திருப்பித் தந்துவிட வேண்டும்.