இட்லி மாவு: பாக்கெட்டா, தெருவுல விக்கிற மாவா, சொந்த கிரைண்டரா?

ரொம்ப நாளா எங்க வீட்ல பாக்கெட் மாவுதான் ஓடிச்சு. ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கின உடனே கடையில ஒரு பாக்கெட் எடுத்துட்டு வந்துட்டா மறுநாள் காலை டிபன் கவலை தீர்ந்துச்சு. இப்ப அதை நிறுத்திட்டு கிரைண்டருக்கே திரும்பியாச்சு. நடுவுல தெருமுனையில ஒரு அக்கா அரைச்சு விக்கிற மாவும் வாங்கிப் பார்த்தோம், மில்லுல அரைச்சு வச்சுக்கிற உலர் மாவும் பண்ணிப் பார்த்தோம். மயிலாடுதுறை பக்கம் இருக்கிற எங்களுக்கு எது ஒத்து வந்துச்சு, ஏன்னு எழுதறேன். நான் இப்ப கிரைண்டர் கட்சி, அதனால அதைப் பத்திதான் நிறைய வரும், முதல்லயே சொல்லிடறேன்.

விலைக் கணக்கை சீக்கிரம் முடிச்சிடலாம். ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், இதுல ஏறக்குறைய மூணு கிலோ மாவு வரும். அரிசி 50, உளுந்து 35ன்னு வச்சாக்கூட கிலோ மாவு 30 ரூபாய்க்குள்ள அடங்கிடும். பாக்கெட் எங்க ஊர்ல 45லேர்ந்து 60 வரைக்கும் விக்குது, பெரிய கம்பெனி பாக்கெட்னா அதுக்கும் மேல. ரேஷன் புழுங்கல் அரிசி நல்லதா வந்த மாசம் அதை பாதிக்குப் பாதி கலந்துக்கிட்டா செலவு இன்னும் கம்மி, இட்லிக்கு அது ஒண்ணும் குறைச்சல் இல்ல, கல் குருணை பார்த்து நாலு தண்ணி கழுவணும், அவ்வளவுதான். கரண்ட்டு பத்தி சிலர் பயப்படுறாங்க, டேபிள் டாப் கிரைண்டருக்கு ஒரு தடவை அரைக்க கால் யூனிட்கூட ஆகாது, ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் வேற இலவசம். கிரைண்டரே வாங்கணுமேன்னா, 2011ல ஆரம்பிச்ச விலையில்லா மிக்சி கிரைண்டர் திட்டத்துல வந்தது இன்னும் எத்தனையோ வீட்டு பரண்ல தூங்குது, இறக்கித் துடைச்சு பெல்ட்டை மாத்தினா பல கிரைண்டர் ஓடும்.

ஆனா கிலோவுக்கு இருபது, முப்பது ரூபாய் மிச்சம் பிடிக்க ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரத்தை கிரைண்டர்கிட்ட குடுக்கணுமான்னு கேட்டா அது நியாயமான கேள்விதான். விலை மட்டும்னா நானே பாக்கெட்ல இருந்து மாறியிருக்க மாட்டேன். என்னை மாத்தினது புளிப்பு.

பாக்கெட் மாவு நம்ம கைக்கு வரும்போது அது எந்தக் கட்டத்துல இருக்குன்னு நமக்குத் தெரியாது. தேதி போட்டிருக்கும், ஆனா அரைச்சதுலேர்ந்து எத்தனை மணி நேரம் வெளியில இருந்துச்சு, வண்டியில எவ்வளவு நேரம் வந்துச்சு, கடைக்காரர் ராத்திரி பிரிட்ஜை நிறுத்திட்டுப் போனாரா, மதியம் ரெண்டு மணி நேரம் கரண்ட்டு போச்சா, இதெல்லாம் தேதியில தெரியாது. பாக்கெட் தலகாணி மாதிரி உப்பியிருந்தா உள்ள வேகமா புளிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். சித்திரை, வைகாசியில எங்க ஊர் கடைகள்ல பாதி பாக்கெட் அப்படித்தான் இருக்கும். அதை வாங்கிட்டு வந்தா முதல் நாளே தோசைக்குத்தான் ஆகும், இட்லி ஊத்தினா தட்டையா, புளிப்பா வரும். மறுநாள் அந்த மிச்சத்தை புள்ளைங்க தொடாது. ஒரு கிலோவுல கால் கிலோ சாக்கடைக்குப் போனா 50 ரூபாய் பாக்கெட்டோட உண்மையான விலை என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

வீட்ல அரைக்கிறப்ப அந்த நேரம் முழுக்க நம்ம கையில இருக்கு. நான் பண்றது இதுதான்: ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அரைச்ச உடனே மாவை ரெண்டா பிரிச்சிடுவேன். ஒரு பாதி பெரிய பாத்திரத்துல, பாதிக்கு மேல காலியா விட்டு, வெளியில. இன்னொரு பாதி பொங்கறதுக்கு முன்னாடியே, அரைச்ச சூடு ஆறினதும், நேரா பிரிட்ஜுக்குள்ள. வெளியில இருக்கிறது திங்கக்கிழமை காலையில இட்லி, அன்னைக்கு ராத்திரியும் செவ்வாயும் தோசை. செவ்வாய் சாயங்காலம் அடுத்த பாதியை எடுத்து வெளியில வச்சா புதன்கிழமை திரும்ப பஞ்சு இட்லி. வியாழன் தோசை, வெள்ளிக்கிழமை அடியில நிக்கிற புளிச்ச மாவுல சின்ன வெங்காயம், பச்சமிளகா, கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டி குழிப்பணியாரம் இல்லாட்டி ஊத்தப்பம். வாரக் கடைசியில வழிச்சுக் கழுவற பாத்திரத்துல ஒட்டியிருக்கிறதைத் தவிர வீணாப் போறது எதுவும் இல்ல. பாக்கெட்ல இந்த வேலையே நடக்காது, ஏன்னா பொங்காத மாவு நமக்குக் கிடைக்கிறதே இல்ல. புதன்கிழமை நல்ல இட்லி வேணும்னா செவ்வாய்க்கிழமை இன்னொரு பாக்கெட்தான்.

பிரிட்ஜுலேர்ந்து எடுத்த பாதி சில்லுன்னு இருக்கிறதால மெதுவாத்தான் கிளம்பும், வழக்கத்தை விட ரெண்டு மூணு மணி நேரம் கூட விடணும். அப்புறம் எல்லா மாசமும் ஒரே கணக்கு கிடையாது. அக்னி நட்சத்திரத்துல அஞ்சாறு மணி நேரத்துல பொங்கி வழிஞ்சிடும், அதனால ராத்திரி பத்து மணிக்கு அரைச்சாப் போதும். மார்கழிப் பனியில பன்னெண்டு மணி நேரம் கூட ஆகும், நாலு மணிக்கே அரைச்சு அடுப்புப் பக்கத்துல வைக்கணும். பொங்க வைக்கிற நுண்ணுயிரி உளுந்துலயும் அரிசியிலயுமே இருக்கு, லியூகோனாஸ்டாக்னு ஒரு வகை பாக்டீரியாவுக்கு அதுல முக்கிய பங்கு, அதுக்கு 30 டிகிரியை ஒட்டின கதகதப்பு நல்லா ஒத்துக்கும். கையால கலக்கறது நல்லதுன்னு பெரியவங்க சொல்றதுல அந்தக் கதகதப்பும் கொஞ்சம் சேரும்னு நினைக்கிறேன். உப்பு முதல்லயே போடணுமா பொங்கினப்புறமாங்கிறதுல வீட்டுக்கு வீடு பேச்சு மாறும், நான் முதல்லயே போட்டுடறேன், மார்கழியில மட்டும் காலையில போடுவேன், எனக்கு அது சரியா வருது.

கிரைண்டர் பக்கம் சாயறதுக்கு இன்னொரு காரணம் நம்ம டெல்டாதான். சம்பா, தாளடி அறுப்புக்கு முன்னாடி, தை மாசம் வயல்ல ஈரம் இருக்கும்போதே நிக்கிற நெல்லுக்குள்ள உளுந்தைத் தெளிச்சு விடறது இங்க பழைய வழக்கம். மிஷின் அறுப்பு வந்தப்புறம் முளைச்சது சக்கரத்துல நசுங்குதுன்னு பல பேர் அறுத்தப்புறம் விதைக்கிறாங்க, கொஞ்சம் பேர் விட்டே போயிட்டாங்க. ஆனாலும் பங்குனி, சித்திரையில தெரிஞ்ச விவசாயி வீட்ல புது உளுந்து கேட்டா கிடைக்கும். அந்தக் கறுப்பு உளுந்தை வாங்கி நல்லா காய வச்சு, மில்லுல உடைச்சு வச்சுக்கிட்டா பாலீஷ் போட்ட வெள்ளை முழு உளுந்தை விட விலையும் குறைவு, மாவும் நல்லா உபரியாகும். தோலைத் தண்ணியில அலசி எடுக்கிற வேலை இருக்கு, அது உண்மை. ஊறினப்புறம் கையால தேய்ச்சு, தண்ணியை சாய்ச்சு சாய்ச்சு ஊத்தினா தோல் மேல மிதந்து போயிடும், ஒண்ணு ரெண்டு நின்னா நிக்கட்டும்.

உளுந்து புதுசா பழசாங்கிறது கிரைண்டர்லயே தெரிஞ்சிடும். புது உளுந்து அரைபட அரைபட தண்ணி கேட்டுக்கிட்டே இருக்கும், கை நனைச்சு நனைச்சு தெளிக்கணும், இருபத்தஞ்சு நிமிஷத்துல குழவி மேல ஏறி வெண்ணெய் மாதிரி திரண்டு வரும். ஒரு சிட்டிகை எடுத்து தண்ணியில போட்டா மிதக்கணும், முங்கினா இன்னும் அஞ்சு நிமிஷம் ஓட விடணும். ரெண்டு வருஷம் கிடந்த உளுந்து எவ்வளவு அரைச்சாலும் கூழாத்தான் நிக்கும், உளுந்தோட வழவழப்பும் புரதமும்தான் பொங்கற காத்தைப் பிடிச்சு வைக்குது, அது போயிட்டா அரிசி மட்டும் என்ன பண்ணும். பாக்கெட்ல எந்த உளுந்து, எவ்வளவு உளுந்துன்னு நமக்கு எதுவும் தெரியாது. அரிசியும் அப்படித்தான், ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து வந்த ஏடிடி 37 குண்டு ரகம் கிடைச்சா விடாதீங்க, இட்லிக்கு அருமையா இருக்கு. தண்ணியும் சொல்லணும். கடலோரம் சீர்காழி, நாகப்பட்டினம் பக்கம் பல இடத்துல போர் தண்ணி உப்பு. வீட்ல நாம குடிதண்ணி ஊத்தி அரைக்கிறோம், பாக்கெட்டுக்கு எந்தத் தண்ணின்னு யாரைப் போய் கேக்கறது.

மிக்சியில அரைக்கலாமேன்னு கேப்பாங்க. அரைக்கலாம், ரெண்டு பேர் வீட்டுக்குப் போதும், ஐஸ் தண்ணி ஊத்தி விட்டு விட்டு அரைச்சா. சூடு ஏறிட்டா உளுந்து அவ்வளவா எழும்பாது. வாரம் முழுக்க ஓட்டணும்னா கிரைண்டர்தான்.

தெருமுனை அக்கா மாவுக்கு வர்றேன். பாக்கெட்டா இதுவான்னா கண்ணை மூடிட்டு இதைத்தான் சொல்வேன். அவங்ககிட்ட கேள்வி கேக்கலாம், அதுதான் பெரிய வித்தியாசம். "அக்கா, இது எப்ப அரைச்சது?"ன்னு கேட்டா "மத்தியானம் அரைச்சதுதாம்மா, ராத்திரி வெளியில வச்சிடு, காலையில இட்லி ஊத்தலாம், தோசைக்குன்னா அந்தக் குண்டான்ல இருக்கு பாரு, நேத்தையது"ன்னு ரெண்டையும் காட்டுவாங்க. அரைக் கிலோ, கால் கிலோன்னு தேவைக்கு வாங்கலாம், தூக்கு எடுத்துட்டுப் போனா பிளாஸ்டிக் கவரும் இல்ல. விலை பாக்கெட்டை விட கொஞ்சம் கம்மிதான். ஒரு பொம்பளை வீட்டுக்கு அந்தப் பணம் போகுதுங்கிறது எனக்கு முக்கியம், அதனால அவசரத்துக்கு இன்னைக்கும் அங்கதான் போறேன். ஒரே குறை, மழை பெய்ஞ்சா வர மாட்டாங்க, ஏழரை மணிக்கு மேல போனா தீர்ந்திருக்கும்.

உலர் மாவு பத்தி என் அனுபவம் கொஞ்சம்தான், அதனால கொஞ்சமாவே சொல்றேன். கடையில விக்கிற இன்ஸ்டன்ட் இட்லி மிக்ஸ் ஊற வைக்காம உடனே ஊத்தறதுக்காக சோடா உப்பும் புளிப்புக்கு ஏதாவது அமிலமும் சேர்த்து வருது, அட்டையில பாருங்க, போட்டிருக்கும். நாங்க பண்ணினதுல அது எதுவும் இல்ல. நாலு பங்கு இட்லி அரிசியைக் கழுவி நிழல்ல நல்லா உலர்த்தி, ஒரு பங்கு வெள்ளை உளுந்து, ஒரு கைப்பிடி அவல், கொஞ்சம் வெந்தயம் சேர்த்து மில்லுல நைசா அரைச்சு வச்சுக்கிறது. முதல் நாள் ராத்திரி தண்ணி விட்டுக் கரைச்சு உப்பு போட்டு வச்சா காலையில லேசா பொங்கியிருக்கும். தோசை நல்லா முறுகலா வருது. இட்லி கொஞ்சம் கெட்டிதான், கிரைண்டர் இட்லியோட அதை வைக்க முடியாது, இன்னும் பண்ணிப் பழகினவங்களுக்கு நல்லா வரலாம். மில்லுக்குப் போறப்ப முன்னாடி என்ன அரைச்சாங்கன்னு கேட்டுக்கணும், மிளகாய் அரைச்ச கையோட நம்மளது போச்சுன்னா மாவு முழுக்க காரம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்துல வண்டு வரும், ஆறினப்புறம்தான் டப்பாவுல அடைக்கணும், கொஞ்சமா அரைச்சுக்கிறது நல்லது.

இருந்தாலும் உலர் மாவு கொஞ்சம் வீட்ல இருக்கட்டும்னு சொல்வேன், அதுக்குக் காரணம் புயல். 2018 நவம்பர்ல கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறினப்ப டெல்டாவுல எத்தனையோ ஊர்ல வாரக்கணக்கா கரண்ட்டு இல்ல. கிரைண்டரும் ஓடாது, பிரிட்ஜும் ஓடாது, பாக்கெட் வண்டியும் வராது. ஆட்டுக்கல் இருக்கிற வீடு தப்பிச்சுது, மத்த வீட்டுக்கு டப்பாவுல இருக்கிற மாவுதான் தோசை.

கிரைண்டருக்கு எதிரா சொல்ல வேண்டியதையும் சொல்லிடறேன். கழுவறது நிஜமாவே ஒரு வேலை. அரைச்ச உடனே தண்ணி ஊத்தி ஒரு சுத்து ஓட விட்டு, அந்தத் தண்ணியையும் மாவுலயே சேர்த்துட்டா பாதி வேலை முடிஞ்சுது, காய விட்டுட்டா கல் இடுக்குல பிடிச்சுக்கும், அடுத்த வாரம் நாத்தம் வரும். பெல்ட் சில வருஷத்துக்கு ஒரு தடவை தேயும். முதுகு வலி இருக்கிற வயசானவங்க தனியா இருக்கிற வீட்ல குழவியைத் தூக்கறது முடியாது, அவங்களுக்கு நான் கிரைண்டரை சிபாரிசு பண்ண மாட்டேன், பக்கத்துல நல்லா அரைக்கிறவங்க யார்னு பார்த்து அங்க வாங்கிக்கட்டும். ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பசங்களுக்கும் பிரிட்ஜ் இல்லேன்னா அதேதான், தினம் சாயங்காலம் கால் கிலோ.

பாக்கெட் எங்க வீட்ல முழுசா ஒழிஞ்சு போச்சுன்னு சொல்ல முடியாது. திடீர்னு ராத்திரி ஒன்பது மணிக்கு நாலு பேர் வந்து நின்னா வேற வழி என்ன இருக்கு. அப்ப வாங்கறப்ப உப்பாத பாக்கெட்டா, பிரிட்ஜுக்குள்ள பின்னாடி வரிசையில இருக்கிறதா எடுங்க, வந்த விருந்தாளிக்கு இட்லி வேண்டாம், தோசையா சுட்டுடுங்க.