வீக்கம் வேறு, அடைப்பு வேறு: அப்பாவுக்கு எடுத்த டாப்ளர் ஸ்கேன்

ஊருக்குப் போனபோது அப்பா ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினார். இடது சிறுநீரகத்தில் லேசான வீக்கம் என்று ஒரே வரி. சிறுநீர் இறங்கும் வழியில் அடைப்பு உண்டா இல்லையா என்று அதில் இல்லை. விலாவில் வலி விட்டுவிட்டு வந்ததால் வேறொரு ஸ்கேன் சென்டரில் டாப்ளரோடு, அதாவது ரத்தமும் சிறுநீரும் ஓடுவதையும் காட்டும் ஸ்கேனோடு, மறுபடி பார்க்கச் சொன்னோம்.

அங்கிருந்த டாக்டரம்மா முதலில் கேட்டது, என்ன வலி மாத்திரை போட்டீர்கள் என்று. டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரக ரத்த ஓட்டத்தை மாற்றி, அடைப்பின் அடையாளத்தை மறைத்துவிடலாமாம். இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை.

சிறுநீர்ப்பை நிறைந்ததும் ஸ்கேன் தொடங்கியது. சிறுநீர்க்குழாய் வழியாகச் சிறுநீர் பைக்குள் பீய்ச்சி விழுவதை டாப்ளர் வண்ணக் கீற்றாகக் காட்டுகிறது. ஜெட் என்கிறார்கள். வலப்பக்கம் உடனே தெரிந்தது, இடப்பக்கம் ஒன்றுமில்லை. அவர் கையை எடுக்காமல் நிமிடக்கணக்கில் காத்திருந்தார். அப்புறம் இடப்பக்கமும் வந்தது. முழு அடைப்பு என்றால் அது வந்திருக்காது. அந்தப் பொறுமைக்கே அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

அடுத்து சிறுநீரகத்துக்குள் இருக்கும் சின்ன ரத்தக்குழாய்கள். இதயம் துடிக்கும்போது உள்ள உச்ச வேகத்திலிருந்து, அடுத்த துடிப்புக்கு முன் மிஞ்சும் வேகத்தைக் கழித்து, உச்ச வேகத்தாலேயே வகுத்தால் ஆர்.ஐ. கிடைக்கும்; ரத்த ஓட்டத்துக்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று காட்டும் எண் அது. அடைப்பு சில மணி நேரம் நீடித்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கி இந்த எண் ஏறும். 0.70-ஐத் தாண்டினால் சந்தேகம். அப்பாவுக்கு இடது 0.72, வலது 0.71. எனக்குப் பதற்றமாகிவிட்டது. வயதும் ரத்த அழுத்தமும் இருந்தாலே இரண்டு பக்கமும் இப்படி ஏறும், அடைப்புள்ள பக்கம் மட்டும் தனியாக உயர்ந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்று விளக்கினார்.

கடைசியில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி மறுபடி பார்த்தார். வீக்கம் பெரும்பாலும் வடிந்திருந்தது. நிறைந்த பையே காரணமாக இருந்திருக்கிறது.

ரிப்போர்ட்டில் இரண்டு எண்களும், ஜெட்டும், கழித்த பின் பார்த்ததும் எழுதியிருந்தன. பாதி அடைப்பு டாப்ளரில் தப்பிவிடலாம் என்பதால், வலி திரும்பினால் சி.டி. எடுக்கச் சொன்னார். வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்பதை அம்மாவிடம் தனியாக இன்னொரு முறை சொல்லி அனுப்பினார்.