"பயஸ் சரிசெய்தது: 80 வெள்ளி" என்று பில் வந்தால், அந்த ஆம்ப்பில் பயஸ் திருகு இருக்கிறதா என்று பாருங்கள்

அமெரிக்காவில் சிறு பட்டறையில் கையால் ஒயரிங் செய்த, 'பூட்டிக்' என்று சொல்லும் வகை 18 வாட் கிட்டார் ஆம்ப் ஒன்று இங்கே சிங்கப்பூரில் பழுதுபார்க்கப் போனது. ஸ்பீக்கரை ஓட்ட இரண்டு இஎல்84 பவர் டியூப் (வெற்றிடக் குழாய்), சிக்னலைப் பெருக்க மூன்று 12ஏஎக்ஸ்7 டியூப், எளிய சர்க்யூட். புகார் ஒன்றே ஒன்றுதான்: சத்தம் மந்தமாக இருக்கிறது, கம்பியை அழுத்தி மீட்டினால் குழைந்துபோகிறது. திரும்பி வந்தபோது 860 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பில். மூன்றாம் வாரம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது. கடையின் பெயர் இங்கே வராது. அந்த பில்லை வரிக்கு வரி பிரித்துப் பார்த்தால் வேறு கடைகளிலும் ஏமாறாமல் தப்பிக்கலாம்.

பில்லில் நான்கு வரிகள்: "என்ஓஎஸ் முல்லார்டு ஜோடி" 320, "பயஸ் சரிசெய்தது" 80, "ஃபில்டர் கெப்பாசிட்டர் முழு மாற்றம்" 240, "டோன் அப்கிரேடு" 220.

பயஸிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இதைப் பிடிப்பதுதான் சுலபம். பயஸ் என்பது பவர் டியூப் சும்மா இருக்கும்போது எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு. டியூப் ஆம்ப்பில் அது இரண்டு வகை. ஃபிக்ஸ்டு பயஸ் ஆம்ப்பில், டியூபுக்குள் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்குத் தனியாக நெகட்டிவ் வோல்டேஜ் போகும். அதைக் கூட்டிக் குறைக்க உள்ளே ஒரு திருகு இருக்கும். டியூப் மாற்றும்போதெல்லாம் அதைச் சரிபார்க்கத்தான் வேண்டும், அதற்குக் கூலி கேட்பதும் நியாயம். கேத்தோடு பயஸ் ஆம்ப்பில் அந்தத் திருகே கிடையாது. டியூபில் எலெக்ட்ரான் கிளம்பும் முனையான கேத்தோடுக்கும் சர்க்யூட்டின் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர். டியூப் தன்னைத்தானே சமன்செய்துகொள்ளும். இஎல்84 போட்ட பூட்டிக் ஆம்ப்புகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான். இதுவும் அப்படியே: இரண்டு டியூபுக்கும் பொதுவாக ஒரு 130 ஓம் ரெசிஸ்டர், அதுவும் ஆம்ப் செய்தவர் வைத்த ஈயப்பற்று கலையாமல். திருப்புவதற்கு எதுவும் இல்லாத இடத்தில் திருப்பியதற்கு 80 வெள்ளி!

கேத்தோடு பயஸ் ஆம்ப்பில் நேர்மையான ஆள் செய்யக்கூடியது அளந்து எழுதிக்கொடுப்பது. இந்த ஆம்ப் சரியாக ஓடும்போது பிளேட்டில், அதாவது டியூபின் உள்தகட்டில், 320 வோல்ட், கேத்தோடில் 10.5 வோல்ட். 10.5-ஐ 130-ஆல் வகுத்தால் சுமார் 81 மில்லிஆம்பியர், டியூபுக்கு 40. அதில் ஸ்க்ரீன் என்ற இன்னொரு கிரிட்டுக்குப் போகும் கரண்ட் 4 போக 36. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 310 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 11 வாட் சொச்சம். இஎல்84-இன் உச்சவரம்பு 12 வாட், ஆகவே சரி. ஃபிக்ஸ்டு பயஸ் இஎல்34 ஆம்ப்பாக இருந்தால் வரம்பு 25 வாட். அதில் 70 சதவீதத்தைத் தாண்டாமல் வைப்பார்கள், 450 வோல்ட்டில் அது சுமார் 39 மில்லிஆம்பியர். பயஸ் பார்த்ததாகச் சொல்பவரிடம் "பிளேட் வோல்டேஜ் எவ்வளவு, கரண்ட் எவ்வளவு?" என்று கேளுங்கள். இரண்டு எண்களும் வராவிட்டால் பயஸ் பார்க்கப்படவில்லை.

அடுத்து டியூப். என்ஓஎஸ் என்றால் அந்தக் காலத்தில் தயாராகி, விற்காமல் பெட்டியிலேயே கிடந்த சரக்கு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. முல்லார்டு என்ற பழைய பிரிட்டிஷ் நிறுவனத்தின் பெயரில் இன்றும் புது டியூப் வருகிறது, ரஷ்யாவின் சரத்தோவ் ஆலையிலிருந்து. அது மோசமான டியூப் இல்லை. ஆனால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் வந்த பழைய முல்லார்டின் விலைக்கு அதை விற்பது மோசடி. பழைய முல்லார்டில் கண்ணாடியின் அடிப்பக்கத்தில், ஊசிகளுக்குச் சற்று மேலே, சாம்பல் நிறத்தில் இரண்டு வரிக் குறியீடு பொறித்திருக்கும். பிளாக்பர்ன் சரக்கென்றால் இரண்டாம் வரி ஆங்கில பி எழுத்தில் தொடங்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். மேலே உள்ள லோகோவை நம்பவே வேண்டாம், அதை யாரும் அச்சடிக்கலாம். இந்த ஜோடியில் லோகோ மட்டும் பளபளவென்று இருந்தது. குறியீடு எதுவுமே இல்லை.

மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் விஷயம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. கெப்பாசிட்டரின் உடம்பில் பெரும்பாலும் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: 1432 என்றால் 2014-இன் 32-ஆவது வாரம். உள்ளே இருந்தவை ஆம்ப் பிறந்த ஆண்டுத் தேதியோடு அப்படியே உட்கார்ந்திருந்தன. உண்மையில் மாற்றத் தேவையும் இல்லை. ஃபில்டர் கெப்பாசிட்டர் செத்தால் ஆம்ப் உறுமும், அல்லது வாசிக்கும் சுரத்துக்கு அடியில் இன்னொரு பேய்ச் சுரம் கேட்கும். இரண்டும் இந்த ஆம்ப்பில் இல்லை.

இந்த மூன்றிலும் பணம் மட்டும்தான் போனது. ஆம்ப்பைக் கொன்றது நான்காவது வரி. "டோன் அப்கிரேடு" என்ற பெயரில், நன்றாக இருந்த ஃபிலிம் கப்ளிங் கெப்பாசிட்டர்களைக் கழற்றிவிட்டு, 1950, 60களின் எண்ணெய்க் காகிதக் கெப்பாசிட்டர்களை வைத்திருக்கிறார்கள். பழையது என்றாலே இனிமை என்று நம்புகிறவர்களிடம் இது நல்ல விலைக்குப் போகும். கப்ளிங் கெப்பாசிட்டரின் வேலை முந்தைய டியூபின் 200 சொச்சம் வோல்ட்டை மறித்துவிட்டு சிக்னலை மட்டும் விடுவது. காகிதம் பழையதானால், முத்திரை விட்டு ஈரம் ஏறினால், மறிக்காமல் கசியும். ஆண்டு முழுக்க ஈரக்காற்று வீசும் ஊரில் கேட்கவா வேண்டும். கிரிட்டில் 3 வோல்ட் பாசிட்டிவ் ஏறினாலே போதும், டியூப் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்து, உள்ளே இருக்கும் உலோகத் தகடு இரும்படுப்புபோல் சிவக்கும்.

இந்தக் கசிவைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். இஎல்84-ஐக் கழற்றிவிட்டு, ஆம்ப்பை ஓடவிட்டு, சாக்கெட்டின் 2-ஆம் ஊசியில் டிசி அளக்க வேண்டும். பூஜ்யமாக இருக்க வேண்டும். சூடானால்தான் கசிவு கூடும், அதனால் இருபது நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். இதை வீட்டில் முயல வேண்டாம். டியூபைக் கழற்றினால் உள்ளே வோல்டேஜ் இன்னும் ஏறும். சுவிட்சை அணைத்த பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், ஆளைக் கொல்ல அது போதும். ஆனால் கடைக்காரரை உங்கள் முன்னால் அளக்கச் சொல்லலாம்.

இன்னொன்றும் செய்திருந்தார்கள். பின்பக்கத்தில் "2 ஆம்பியர், ஸ்லோ" என்று அச்சிட்டிருந்த இடத்தில் 5 ஆம்பியர் ஃபியூஸ். அதனால் டியூப் ஷார்ட் ஆனபோது ஃபியூஸ் போகவில்லை. அதற்குப் பதில் டிரான்ஸ்ஃபார்மர் போனது.

இத்தனைக்கும் முதல் புகாரின் காரணம் ஆம்ப்புக்குள்ளேயே இல்லை. ஆம்ப்பின் முதுகில் 120 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வீட்டில் இருந்த, வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஸ்டெப்-டவுன் பெட்டியில் 100, 120 என்று மாற்றும் சுவிட்ச், ஜப்பான் சாதனம் ஒன்றுக்காக 100-இல் கிடந்தது. 120-க்குப் பதில் 100 கொடுத்தால் டியூபைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட்டுக்குப் பதில் 5.25தான் கிடைக்கும், பொதுவாக ஏற்கும் வரம்பு 10 சதவீதம், அதாவது 5.7-க்குக் கீழே போகக்கூடாது. பிளேட் வோல்டேஜும் 320-இலிருந்து 270 பக்கம் இறங்கிவிடும். மந்தம், குழைவு எல்லாம் அதனால்தான். மூன்றாம் வாரம் ஒத்திகை அறையிலிருந்த 120 வோல்ட் பெட்டியில் செருகியபோது இருபது நிமிடம் ஆம்ப் அருமையாகப் பாடியது. பிறகு டியூப் சிவந்தது. பல்வலிக்குப் போனவனுக்குக் கண்ணாடி மாட்டி அனுப்பிவைத்ததுபோல, ஒரு சுவிட்ச்சுக்கு 860 வெள்ளி.

ஆகவே கடைக்குத் தூக்குவதற்கு முன் ஸ்டெப்-டவுனைப் பாருங்கள். மின்னணுக் கடைகள் இருக்கும் சிம் லிம் டவரில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி, ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டியின் வெளியீட்டை, விஷயம் தெரிந்தவரை வைத்து அளந்து பாருங்கள். 110 வோல்ட் வந்தால் ஹீட்டரில் 5.78, விளிம்பில் நிற்கிறது, ஆனாலும் ஓடும். ஆம்ப்பில் 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் 110-ஏ நல்லது, ஏனென்றால் 50 ஹெர்ட்ஸில் அதன் பவர் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும். 50/60 என்றிருந்தால் கவலையில்லாமல் 120 கொடுக்கலாம். 18 வாட் ஆம்ப்புக்கு 300 விஏ (வோல்ட்-ஆம்பியர்) பெட்டி தாராளம். முடி உலர்த்தி போன்றவற்றுக்காக விற்கும், கைக்கு எடையே தெரியாத பயண கன்வெர்ட்டர் கூடவே கூடாது. அது அலையை வெட்டித் தருகிறது. மலிவான பெட்டிகள் பலவற்றில் எர்த் கம்பி அந்தப் பக்கம் போவதே இல்லை. மூன்று ஊசி பிளக்கில் செருகியிருக்கிறோமே என்று நிம்மதியாக இருக்க முடியாது. தொடர்ச்சி இருக்கிறதா என்று, செருகாத நிலையில், ஓம் அளந்து பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட நல்ல வழி, ஆம்ப் செய்தவரிடமே 230 வோல்ட் பிரைமரி (மின்சாரம் நுழையும் சுருள்) கொண்ட பவர் டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு மாற்றிக்கொள்வது.

சத்தத்தை மாற்றத்தான் வேண்டுமென்றால் 220 வெள்ளிக்குக் காகிதக் கெப்பாசிட்டர் தேவையில்லை. கிட்டார் நுழையும் முதல் டியூபை மட்டும் மாற்றிப் பாருங்கள்: 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கம் 100, அதற்குப் பதில் போடக்கூடிய 5751-க்கு 70, 12ஏஒய்7-க்கு 45 அளவு. கரகரப்பு குறைந்து சுத்தமாக வேண்டுமானால் 5751 போதும். அதைவிடப் பெரிய மாற்றம் ஸ்பீக்கரில். வீவக அடுக்குமாடி வீட்டில் ஆம்ப்பின் சத்தத்தை முழுதாகத் திறக்கவே முடியாதவர்களுக்கு, ஸ்பீக்கருக்குப் போகும் பவரைக் குறைக்கும் நல்ல அட்டெனுவேட்டர். ஓம் பொருத்தம் பார்த்து வாங்குங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் டியூப் ஆம்ப்பை ஓட்டவே கூடாது.

கடையில் கொடுக்கும்போது: உள்புறத்தைப் படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள். ஸ்டெப்-டவுன் பெட்டியையும் சேர்த்தே கொடுங்கள். கழற்றிய பாகங்களைப் பையில் போட்டுத் திருப்பித் தருமாறு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழையது குப்பைக்குப் போய்விட்டது என்ற பதில் வந்தால், பெரும்பாலும் அது இன்னும் ஆம்ப்புக்குள்தான் இருக்கும். வேலைக்கு முன்னும் பின்னும் அளந்த வோல்டேஜ் பட்டியல் கேளுங்கள். வாங்கியவுடன் ஃபியூஸில் பொறித்த எண்ணைப் படியுங்கள். வீட்டில் முதல் அரை மணி நேரம் விளக்கை அணைத்துவிட்டு டியூபைக் கவனியுங்கள். நடுவே ஹீட்டரின் ஆரஞ்சு ஒளி சரி, கண்ணாடி ஓரத்தில் நீல ஒளி தெரிந்தாலும் சரி. சாம்பல் நிறத் தகடே சிவந்தால் உடனே அணையுங்கள்.

ஏமாந்தவர்களுக்கு வழி இருக்கிறது. 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள, குறையுள்ள பொருளுக்கான லெமன் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. டியூபும் கெப்பாசிட்டரும் பொருள்தான். செய்யாத வேலைக்கு வாங்கிய கூலியைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் கேட்கலாம்: 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமல். அதற்கு முன் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுக்கலாம். கையில் வேண்டியது வரி வரியாகப் பிரித்த பில், பேநவ் வழியாகப் பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், தேதிக் குறியீடு தெரியும் கெப்பாசிட்டர் படம். இந்த ஆம்ப்பின் பில்லில் வேலை விவரம் வரிகளாக இருந்தது நல்லதாகப் போயிற்று. "சர்வீஸ்: 860" என்று ஒரே வரியில் இருந்திருந்தால் எதை இல்லை என்று காட்டுவது?